கைவிடப்பட்டவர் என்று எழுதிய மத்தியானம்

கீழ்வேளூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கூலி நெல் கேட்டு வயலில் தகராறு நடந்த ஓர் அறுவடையின்போது, போலீஸ் வந்ததும் ஓடியவர்களில் என் அப்பாவும் ஒருவர். மற்றவர்கள் திரும்பினார்கள். அவர் வரவில்லை. அம்மா பொட்டை அழிக்காமல் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் என்னை வளர்த்தாள்.

நான் பத்தாவது முடித்த வருடம் அம்மாவுக்கு இடுப்பு விழுந்துவிட்டது. குனிய முடியவில்லை. உதவித்தொகைக்கு மனுப் போட்டோம். விசாரிக்க வருவாய் ஆய்வாளர் நேரில் வந்தார். வெளியூர்க்காரர், எங்கள் தெருவுக்கு அன்றுதான் முதல்முறை வருகிறார். தெருவே அறுப்புக்குப் போயிருந்தது.

"செத்துட்டாருன்னா விதவை உதவித்தொகை. அதுக்கு இறப்புச் சான்று வேணும். விட்டுட்டுப் போயிட்டாருன்னா கைவிடப்பட்டோர் உதவித்தொகை. எதும்மா?"

"விட்டுட்டுப் போகலங்க. வர முடியாம எங்கேயோ இருக்காரு."

"அப்படின்னு ஒரு திட்டமும் இல்லையே" என்றார். கேலியாகச் சொல்லவில்லை.

அப்போது வீட்டுக்குப் பின்னால் அடிபம்பு கிறீச்சிட்டது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவர் கொல்லைக் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்.

"ஆம்பள இல்லாத வீடுன்னு எழுதியிருக்கீங்க. கால் கழுவிட்டுப் போறாரே, அது யாரு?"

நானும் அம்மாவும் ஓடினோம். பம்பின் கைப்பிடி இன்னும் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. மண் நனைந்திருந்தது. அதற்கப்பால் அறுத்த வயல், கண்ணுக்கு எட்டிய மட்டும் வெறும் நெல்தாள். ஒரு ஆள் ஒளிய ஒரு மரம்கூடக் கிடையாது.

"இப்பதான் போனாரு. இடது கால இழுத்து இழுத்து நடந்தாரு" என்றார் அதிகாரி. அவர் குரல் இறங்கிவிட்டது.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அப்பாவுக்கு இடது கால் இழுக்கும். அதை நாங்கள் அதிகாரியிடம் சொல்லியிருக்கவே இல்லை.

அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அவரு வந்து போயிட்டு இருந்தா பணம் கிடைக்காதும்மா. நான் என்ன எழுதட்டும்?"

அம்மா வயல் பக்கம் திரும்பினாள். பிறகு, பக்கத்தில் நின்றவருக்குச் சொல்வதுபோல் இல்லாமல், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருப்பவரைக் கூப்பிடுவதுபோல் உரக்கச் சொன்னாள்:

"விட்டுட்டுப் போயிட்டாருன்னே எழுதுங்க!"

அதிகாரி எழுதிக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

இரண்டொரு மாதத்தில் மணியார்டர் வர ஆரம்பித்தது. அரிசிக் கவலை தீர்ந்தது. நான் வேலைக்கு ஓடாமல் மேலே படித்தேன். அம்மா மட்டும் அந்தப் பம்பில் தண்ணீர் பிடிப்பதை விட்டுவிட்டாள். வலிக்கிற இடுப்போடு அடுத்த தெருவுக்குப் போய்க் குடம் தூக்கிவந்தாள்.

எனக்கு வேலை கிடைத்த பிறகு ஒருநாள் கேட்டேன்: "அன்னிக்குப் பம்புக்கு வந்தது அப்பாதானாம்மா?"

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"நான் சொன்னது காதுல விழுந்திருக்கும். அதான் அப்புறம் வரல."