யாரையும் தனியே அனுப்பாத புஷ்பம் அக்கா

ஹட்டன் டவுனில் கடை வைத்திருக்கும் நஸார் நானாதான் போனில் சொன்னார். "புஷ்பம் அக்கா மௌத்தாகிட்டாங்க தம்பி." அந்தச் சாவுச் செய்தியைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, எரிச்சல். மறுநாள், குடியை விடப் போராடும் சிவலிங்கத்தைப் பார்க்கப் போகலாம் என்று அக்கா சொல்லியிருந்தார். சொன்ன வேலையைப் பாதியில் விட்டுப் போகிறவர் அல்ல அவர்.

தோட்ட நலன்புரி அதிகாரியாக இருந்த அக்காவோடு வேலை செய்வது பெரும் தொல்லை. நான் ஆஸ்பத்திரியில் குடிநோயாளிகளைப் பார்க்கும் ஆண் தாதி. ஒருநாள் நேராக வார்டுக்குள் வந்து நின்றார்.

"நீங்க சுகமாக்கி அனுப்புறீங்க. பஸ்ஸ விட்டு எறங்குனா முன்னாலேயே சாராயக் கடை. அங்க அவங்களுக்கு யாரு இருக்கா?"

"அது எங்க வேலை இல்லீங்க அக்கா."

"அப்ப யாரு வேலைங்க?"

இதையே தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கங்காணியிடமும் கோயில் தலைவரிடமும் கேட்டிருக்கிறார். எல்லோரும் என் பதிலையே சொல்லியிருக்கிறார்கள். ஒருநாள் எங்கள் அனைவரையும் நானாவின் கடைக்குள் பிடித்து உட்கார வைத்தார். "எல்லாரும் நல்லவங்கதான். தனித்தனியா நல்லவங்க. அதனாலதான் ஒருத்தரும் தேற மாட்டேங்குறாங்க" என்றார்.

அதன்பிறகு யாரையும் அனுப்பக் கூடாது, ஒப்படைக்க வேண்டும் என்றாயிற்று. நான் பஸ் ஏற்றிவிட்டுப் போன் செய்வேன். நானா இறக்கி, தோட்டத்துப் பஸ் வரும்வரை பிளேன்டீ கொடுத்துக் கடையில் வைத்திருப்பார். தோட்டத்து ரோடு வளையும் முடக்கில் கங்காணி காத்திருந்து மனைவியிடம் சேர்ப்பார். முதலில் அப்படிப் போனவர் சிவலிங்கம். மறுபடியும் குடித்தார். நான் கத்தினேன். "அவர திட்டாதீங்க. நம்மள்ல யாரு அவரு கைய விட்டோம்னு பாருங்க" என்று அக்கா என்னைத் திட்டினார்.

அப்பேர்ப்பட்டவரின் சாவில், குழி வெட்டுகிறவர்களுக்கென்று கோயில் தலைவர் சாராயப் போத்தலோடு வந்து நிற்கிறார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"யாருக்குக் குழி வெட்டுறோம்னு யோசிச்சீங்களா?" என்றேன்.

"வழக்கம்ங்க. குடுக்காட்டி ஒரு மாதிரிப் பேசுவாங்க."

குழிக்குள் மம்பட்டியோடு நின்றவர் சிவலிங்கம். அக்காவுக்குத் தானே வெட்ட வேண்டும் என்று அடம்பிடித்து இறங்கியிருந்தார். போத்தலைப் பார்த்ததும் வெட்டுவதை நிறுத்திவிட்டார்.

"அண்ணே, மறுபடி குடிச்சிருவேன் போலருக்கு. என்னைய தனியா விட்றாதீங்க."

கங்காணி போத்தலைப் பிடுங்கித் தேயிலைக்குள் கவிழ்த்தார். நஸார் நானா வெள்ளைச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கி மம்பட்டியை வாங்கினார். நான் சிவலிங்கத்தின் பக்கத்தில் இறங்கி நின்றேன். சற்று நேரத்தில் கோயில் தலைவரும் முனகிக்கொண்டே இறங்கினார். அந்தச் சின்னக் குழிக்குள் வேலை செய்ய இடமில்லாமல் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டோம்.

போங்கள் அக்கா. உங்கள் சாவிலும் எங்களை வேலை வாங்கிவிட்டீர்கள். உங்களை மண்ணில் வைத்துவிட்டு நாங்கள் யாரும் நேரே வீட்டுக்குப் போகவில்லை. நால்வரும் சிவலிங்கத்தை அவருடைய லயத்து வீட்டுக்குக் கூட்டிப்போய், அவர் மனைவியின் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் திரும்பினோம்.