டீச்சரின் வாய்ப்புண்ணும் கோதுமையும்

1. பேச முடியாத கணக்கு டீச்சர்

ஜெசிந்தா டீச்சர் என் பல் கிளினிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோது கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தார். கணவர் அந்தோணிதான் பேசினார். திண்டுக்கல்லில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர்.

"மூணு நாளா ஸ்கூலுக்குப் போகல டாக்டர். வாயத் தெறந்தாலே எரியுதுங்கறா. பேசாம எப்பிடிக் கணக்கு நடத்துவா?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "கேன்சரா இருக்குமோன்னு பயமா இருக்கு."

டீச்சருக்கு அது கேட்டுவிட்டது. கண் கலங்கியது.

லைட்டைப் போட்டு, மௌத் மிரரால் உதட்டை விலக்கிப் பார்த்தேன். உள்உதட்டில் இரண்டு புண், கன்னத்தில் ஒன்று, நாக்கின் ஓரத்தில் ஒன்று. நடுவே மஞ்சள், சுற்றிலும் சிவப்பு.

"ஒரே எடத்துல ஆறாமக் கெடக்கா, இல்ல எடம் மாறி மாறி வருதா?"

"மாறி மாறித்தான் டாக்டர்" என்றார் டீச்சர் மெல்ல. "ஒண்ணு ஆறும், இன்னொண்ணு வந்துரும். காலேஜ் படிக்கும்போதே இருக்கு. இந்த வருசம் ரொம்ப அதிகம்."

"அப்ப கேன்சர் பயத்த விடுங்க. இது வேற."

இந்த இடத்தில் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் புண்ணில் தடவ ஒரு ஜெல்லும் எழுதுவது வழக்கம். டீச்சர் அவற்றை ஏற்கெனவே பலமுறை வாங்கிப் பார்த்தவர். நானும் அதையே எழுதலாமா என்று யோசிக்கும்போது அவர் வாய் கொப்பளிக்க எழுந்தார். அப்போது அவருடைய முன்பற்கள் கண்ணில் பட்டன.

குறுக்கே வரிவரியாகப் பள்ளம். வலப்பக்கப் பல்லில் எந்த உயரத்தில் இருந்ததோ, இடப்பக்கத்திலும் அதே உயரம். கீழ்ப்பற்களிலும் அப்படியே. எங்கள் மாவட்டத்தில் ஃப்ளோரைடு தண்ணீரால் பல்லில் கறை விழுந்தவர்கள் நிறையப் பேர். அதனால் பல்லில் வரி தெரிந்தால் 'தண்ணிக் கறை' என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவோம். இது கறை போலத் தெரியவில்லை. சிறுவயதில் எனாமல் சரியாக உருவாகாமல் போனதால் விழுந்த பள்ளம். நாக்கை நீட்டச் சொன்னேன். சொரசொரப்பே இல்லாமல் மழமழவென்று சிவந்திருந்தது.

படிக்கிற காலத்தில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த ஒரு பாராவை, இத்தனை வருடம் கழித்து ஒருவர் வாய்க்குள் நேரில் பார்க்கிறேன்.

"டீச்சர், வயிறு எப்பிடி இருக்கு?"

பல் டாக்டர் ஏன் வயிற்றைப் பற்றிக் கேட்கிறார் என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எப்பவும் உப்பிக்கிட்டேதான் இருக்கும். ரத்தம் கம்மின்னு வருசக்கணக்கா இரும்பு மாத்திர சாப்புடுறேன். ஏறவே மாட்டேங்குது."

"வாய் எரியும்போது என்ன சாப்புடுவீங்க?"

அந்தோணி முந்திக்கொண்டார். "காரம் ஆகாதுல்ல டாக்டர். பால்ல பன்னு, ரஸ்க்கு நனச்சுக் குடுப்பேன். காலையில கோதும ரவக் கஞ்சி. எல்லாம் நானே பாத்துப் பாத்துச் செய்யிறேன்."

சீலியாக் நோயைப் பற்றி எடுத்துச் சொன்னேன். கோதுமையிலும் பார்லியிலும் குளூட்டன் என்றொரு புரதம் உண்டு. சிலருடைய உடம்புக்கு அது ஒத்துக்கொள்ளாது. குடலின் உட்சுவர் கெட்டு, சாப்பிடுகிற சத்து உடம்பில் சேராது. வாயில் புண் வரும், நாக்கு வழுக்கையாகும். சிறுவயதிலேயே இருந்தால் எனாமலும் கெடும். இதில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. எல்லாம் சேர்ந்து வந்தால் சோதித்தே ஆகவேண்டும்.

அந்தோணியின் முகம் சுருங்கிப்போனது. "அப்ப நான் குடுத்த பன்னுதானா?"

"இன்னும் தெரியல. ரத்த டெஸ்ட் எடுக்கணும். அப்பறம் மதுரையில வயித்து டாக்டரப் பாக்கணும். அது முடியிறவரைக்கும் கோதுமைய நிறுத்திராதீங்க. நிறுத்துனா டெஸ்ட்ல தெரியாமப் போயிரும்."

"தெரிஞ்சுக்கிட்டே குடுக்கணுமா?"

"கொஞ்ச நாளைக்கு."

2. மதுரையிலிருந்து வந்த போன்

ரத்தத்தில் சீலியாக் நோயைக் காட்டும் ஆன்டிபாடி அளவு மிக அதிகமாக இருந்தது. எண்டோஸ்கோப்பி செய்த டாக்டரே என்னை அழைத்தார். "குடல்ல எடுத்த பயாப்ஸியும் ஒத்துவருது. நீங்க சந்தேகப்பட்டது சரிதான்" என்றார்.

அப்போது என் நாற்காலியில் படுத்திருந்த நோயாளி, "என்ன டாக்டர், நல்ல சேதியா?" என்று கேட்டார். ஒருவருக்கு நோய் இருப்பது உறுதியானதை நல்ல சேதி என்று எப்படிச் சொல்வது? ஆனால் எனக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

நம் ஊர்ச் சாப்பாட்டில் இந்த நோயோடு வாழ்வது அவ்வளவு கஷ்டமில்லை. சோறு, இட்லி, தோசை, கேழ்வரகு, கம்பு எல்லாம் சாப்பிடலாம். டீச்சருக்கு ஒரே வருத்தம், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாங்கும் நற்கருணை. அந்த அப்பம் கோதுமையில் செய்வது. பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னார். அவர், "இரசத்துலயும் ஆண்டவர் முழுசா இருக்காரும்மா" என்று சொல்லி, தனிக் கிண்ணத்தில் திராட்சை இரசம் மட்டும் கொடுக்க ஏற்பாடு செய்தார்.

புண்கள் குறைந்தன. டீச்சர் பள்ளிக்குத் திரும்பினார்.

3. சமையலறை முழுக்க என் மேஜையில்

சில மாதம் கழித்து மறுபடியும் வந்தார்கள். உதட்டில் புதுப் புண். டீச்சர் சோர்ந்துபோயிருந்தார். "ஒரு பிஸ்கட்டு கூடத் தொடல டாக்டர். பின்ன எதுக்கு இந்தப் பாடு?"

எனக்கும் மனசு விட்டுப்போனது. ஆனால் எங்கிருந்தோ கோதுமை உள்ளே போகிறது என்று தோன்றியது. "வீட்டுச் சமையல்ல கடையில வாங்கிப் போடுற எல்லாத்தையும் கொண்டாங்க" என்றேன்.

மறுநாள் அந்தோணி ஒரு பெரிய கட்டைப்பையோடு டீச்சரையும் கூட்டிக்கொண்டு வந்தார். சாம்பார்ப் பொடி, மசாலா, ஊறுகாய், ஊட்டச்சத்து மாவு என்று மேஜை நிறைந்தது. மூன்று பேரும் ஆளுக்கொரு பாக்கெட்டை எடுத்துப் பொடி எழுத்தைப் படித்தோம். கோதுமை இல்லாததை ஒவ்வொன்றாக ஒதுக்கி வைத்துக்கொண்டே வந்தோம். அந்தோணி கடைசியாகப் பெருங்காய டப்பாவை எடுத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"டாக்டர், இதுல கோதும மாவுன்னு போட்டிருக்கு."

வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். பெருங்காயத்தைப் பொடியாக்கும்போது மாவு கலந்துதான் விற்கிறார்கள். சாம்பார், ரசம், வெஞ்சனம் எல்லாவற்றிலும் தினமும் ஒரு சிட்டிகை போயிருக்கிறது. டீச்சர் அந்த டப்பாவைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். புண்ணில் எரிந்தாலும் நிறுத்தவில்லை.

அரிசி மாவு கலந்த பெருங்காயத்தைத் தேடிப்பிடித்து மாற்றினார்கள். புண் ஆறியது. ரத்தமும் ஏறியது. எனாமல் மட்டும் திரும்ப வளராது. அந்தப் பள்ளங்களை நான் காம்போசிட் என்ற பல் நிறப் பசை வைத்து அடைத்துக் கொடுத்தேன்.

கூடப்பிறந்தவர்களுக்கும் இந்த நோய் இருக்க வாய்ப்புண்டு என்று சொல்லியிருந்தேன். சித்தையன்கோட்டையில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் தம்பியை டீச்சர் வற்புறுத்திக் கூட்டிவந்தார். "எனக்கு ஒண்ணுமே இல்ல, அக்கா தொல்ல தாங்காம வாரேன்" என்றார் அவர். உதட்டை விலக்கினால் அதே வரிகள். சோதனையில் அவருக்கும் இருப்பது தெரிந்தது. புண் எதுவும் வருவதற்கு முன்பே பிடித்துவிட்டோம்.

புதிதாகத் தொழிலுக்கு வரும் பல் டாக்டர்களுக்கு நான் சொல்வது இதுதான். மாத்திரைக்கு அடங்காமல் திரும்பத் திரும்ப வாய்ப்புண் வந்தால், ஜெல்லை மாற்றி எழுதிக்கொண்டே போகாதீர்கள். நம் தொழிலில் நோயாளியை வாயைத் திறந்தபடியே வைத்திருக்கிறோம், அதனால் அவர் பேசுவதைக் கேட்பதே இல்லை. லைட்டை அணைத்து, நாற்காலியை நிமிர்த்தி, வாயை மூடச் சொல்லுங்கள். பிறகு அவரைப் பேசவிடுங்கள்.