மாலதி வீட்டுப் பழைய கம்ப்யூட்டர்

பழைய கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றுவதற்கு முன்னால் கலியமூர்த்தி அந்த வீட்டிலுள்ள எல்லோரையும் கூப்பிட்டுவிடுவார். அடுப்படியில் இருப்பவர், மாடியில் துணி உலர்த்துபவர், உள்ளே படுத்திருக்கும் பெரியவர், ஒருவரையும் விடமாட்டார். "எல்லாரும் வந்து பாத்துடுங்க. இதுல எதுனா இருக்குதா? ஃபோட்டோ, பாட்டு, யாருனா பேசுனது? பொறவு இல்லன்னா இல்லதான்." பெட்டியை எப்படியோ உயிர்ப்பித்து, ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து காட்டுவார். "ஒண்ணுமில்ல மாமா, அழிச்சிட்டு வேலயப் பாருங்க" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர் கேட்டால்தானே. கடைசி ஆளும் தலையாட்டும்வரை ஸ்க்ரூ டிரைவரைத் தொடமாட்டார்.

சிதம்பரம் அண்ணாமலை நகரில், மாணவர்கள் தங்கும் லாட்ஜுகள் நிறைந்த தெருவில் அவருக்குக் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை. அது பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை செய்வது உறவுக்காரர்களுக்காக. பரணில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரோ, பிள்ளை படித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப்போ, எதுவானாலும் சரி. உள்ளே இருப்பதை அழித்து, புதிய மென்பொருளை ஏற்றி, டிவியோடு இணைத்துவிடுவார். அன்று சாயந்திரத்திலிருந்து அந்த வீட்டில் கருப்பு வெள்ளைப் படம், பக்திப் பாட்டு, பேரனின் காதுகுத்து வீடியோ எல்லாம் அந்தப் பெட்டியிலிருந்தே வரும். திருவதிகையில் ஒரு சித்தப்பா வீட்டிலும், திருவந்திபுரத்தில் மாமியாரின் தங்கை வீட்டிலும் அவர் செய்து வைத்த பெட்டிகள் இன்றும் ஓடுகின்றன.

தூசி தட்ட அவர் வைத்திருப்பது சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் பிரஷ். கழற்றிய திருகாணிகள் விபூதி டப்பாவுக்குள் போகும். ரிமோட்டில் வேண்டாத பட்டன்களின் மேல் டேப்பை ஒட்டி மறைத்துவிட்டு, வேண்டியதற்கு மனைவி காயத்ரியின் சிவப்பு நகப்பூச்சைத் தடவிக் கொடுப்பார். "செவப்ப அமுக்குனா படம். இதுக்கு மேல ஜாஸ்தி தெரிஞ்சிக்க வேணாம் அத்த" என்பார்.

எல்லோரையும் கூப்பிட்டு விசாரிப்பது மட்டும் முன்பு கிடையாது. அது கடலூர் மஞ்சக்குப்பத்தில், அவருடைய அக்கா மாலதி வீட்டில் நடந்ததற்குப் பிறகு வந்தது.

மாலதியின் கணவர் தில்லைநாதன் மின்வாரியத்தில் இருந்தார். ஆனால் ஊர் அவரை அறிந்தது மைக்கில்தான். திருவிழா, கல்யாணம், கபடிப் போட்டி, எங்கே அறிவிப்பு என்றாலும் அவர் குரல். அவர் இறந்து ஒரு வருஷம் கழிந்ததும், அக்கா தனியாக இருக்கிறாளே, பொழுதாவது போகட்டும் என்று கலியமூர்த்தி போனார். மாமாவின் கம்ப்யூட்டர் உறை போட்டபடி மூலையில் இருந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் பாலகுமாருக்கு ஃபோன் போட்டுக் கேட்டார்.

"அதுல ஒண்ணுமில்ல மாமா. ஃபோட்டோவெல்லாம் நான் அப்பவே எடுத்துட்டேன்."

அந்த வார்த்தை போதுமென்று அழித்துவிட்டார். அக்கா அப்போது பின்கட்டில் மீன் அரிந்துகொண்டிருந்தார். ஒரு குரல் கொடுத்திருந்தால் கேட்டிருக்கும்.

சாப்பாட்டுக்குப் பிறகு டிவியில் படங்கள் வரிசையாக வந்து நின்றபோது அக்காவின் முகம் மலர்ந்தது. ரிமோட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, ஒங்க மாமா பேசுறதும் இதுலயே வருமா?"

"என்னா பேசுறதுக்கா?"

"அதான், திருவிழாவுக்கு முன்ன வூட்டுல மைக்க மாட்டிக்கினு பேசிப் பாப்பாரே. எல்லாத்தயும் அதுலதான் வச்சிருந்தாரு. எனக்குப் போடத் தெரியாது. நீ வருவ, போடச் சொல்லிக் கேக்கலாம்னு இருந்தேன்."

அழித்ததோடு கலியமூர்த்தி நிற்கவில்லை. அதன் மேலேயே ஹார்ட் டிஸ்க் வட்டு நிறையச் சினிமாப் படங்களையும் கொட்டியிருந்தார். அப்படிக் கொட்டிவிட்டால் அடியில் இருந்ததை மீட்பது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியாததா? மறைக்காமல் சொன்னார். அக்கா ரிமோட்டைக் கீழே வைத்தார். பிறகு, "வுடு தம்பி. நீ என்னா வேணும்னா செஞ்ச?" என்றார். எழுந்து, "காயத்ரிக்குக் கொழம்பு எடுத்துக்கினு போ" என்று தூக்குவாளியைக் கழுவப் போனார். அன்றைக்கு அக்கா நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும் என்று அவர் இப்போதும் சொல்வதுண்டு.

வேறு வட்டை மாட்டிக் கொடுத்துவிட்டு, பழைய வட்டைச் சிதம்பரத்துக்குக் கொண்டுவந்தார். கடையில் மாணவர்களின் லேப்டாப்புகள் குவிந்து கிடக்க, இவர் அழிந்ததைத் தோண்டியெடுக்கும் மென்பொருளை ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துண்டு துண்டாக ஏதேதோ வந்தன. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். கரகரப்பு, எந்தப் பாட்டென்று தெரியாத பாதிப் பாட்டு, மறுபடியும் கரகரப்பு. காயத்ரி சோற்றைக் கடைக்கே கொண்டுவந்து வைத்தார்.

"அவுங்களே வுட்டுட்டாங்க. நீங்க ஏன் ஒடம்பக் கெடுத்துக்கிறீங்க?"

"அவுங்க வுட்டுட்டாங்க. அதான் என்னால முடியல."

கடைசியில் ஒன்றே ஒன்று தேறியது. அது அறிவிப்புகூட இல்லை. அறிவிப்பு தொடங்குவதற்கு முந்தைய பேச்சு. அதை பென் டிரைவில் எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு கடலூருக்கு பஸ் ஏறினார்.

"இவ்ளோதான் கெடச்சுதுக்கா. முழுசா ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுப் போட்டார்.

அக்கா டிவிக்கு எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். முதலில் தொண்டையைச் செருமும் சத்தம். "அலோ… அலோ…" பிறகு தில்லைநாதன் மைக்கை விட்டு முகத்தைத் திருப்பிச் சொல்லும் குரல், வீட்டுக் குரல்: "மாலதி, அந்த ஃபேன நிறுத்தேன். சத்தம் உள்ள வருது."

அதோடு அறுந்துவிட்டது.

இன்னொரு தடவை போடவா என்று கேட்கத் திரும்பினார் கலியமூர்த்தி. நாற்காலியில் அக்கா இல்லை. சுவரருகே போய் ஃபேனை நிறுத்திக்கொண்டிருந்தார்.