மாரக்காள் ஏந்திய பூவோடு

மாரக்காளுக்குப் பயம் என்பதே கிடையாது என்று எருமப்பட்டி வட்டாரத்தில் சொல்வார்கள். அவளுடைய தம்பி பெண்டாட்டி கந்தம்மாளுக்கோ பயத்தைத் தவிர வேறொன்றும் கிடையாது. இடி இடித்தால் பயம், நாய் ஊளையிட்டால் பயம், வாசலில் புது ஆள் வந்து நின்றால் பயம். இந்த இரண்டு பேரும் ஒரே அடுப்பில் இத்தனை வருஷம் சமைத்தார்கள் என்பதே பெரிய சங்கதி.

மாரக்காள் சிறு வயதிலேயே தாலியை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். தம்பி செங்கோட்டையனை வளர்த்து ஆளாக்கி, கல்யாணமும் செய்துவைத்து, கிணற்றுத் தோட்டத்தையும் மானாவாரிக் காட்டையும் அவள்தான் கட்டிக் காத்தாள். மேட்டில் நின்று அவள் ஒரு குரல் கொடுத்தால் அடுத்த காட்டு ஆள் நிமிர்ந்து பார்ப்பான். அது போதாதென்று பாடம் போடுகிற கைராசியும் அவளுக்கு உண்டு. பூரான் கடித்தவர்களும், கண்ணேறு பட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் அவள் வாசலில்தான் வந்து நிற்பார்கள். வேப்பங்கொத்தால் தடவி, வாய்க்குள் எதையோ முணுமுணுத்து, திருநீறு வைத்து அனுப்பிவிடுவாள்.

அதற்குக் காசு வாங்கமாட்டாள். ஒப்புக்கு ஒரு காலணாவை மாரியாத்தா உண்டியலில் போடச் சொல்வாள், அவ்வளவுதான். காசுக்குப் பாடம் போட்டால் மந்திரம் பலிக்காமல் போய்விடும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்குமே உள்ள நம்பிக்கை. நாமக்கல்லிலிருந்து வந்த ஒரு பருத்தி வியாபாரி, வேண்டாம் வேண்டாம் என்றும் கேளாமல் முழு வெள்ளி ரூபாயை வைத்துவிட்டுப் போனான். அதை எடுத்து அவன் வண்டிக்குள்ளேயே வீசிவிட்டு வந்து கை கழுவினாள் மாரக்காள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷக் கோடையில் கந்தம்மாளின் ஒரே மகள் சென்னியம்மாளுக்குத் தாகம் எடுத்தது. எட்டு வயதுப் பெண், பானைத் தண்ணீரைக் குடித்துத் தீர்த்தாள். குடித்ததெல்லாம் சிறுநீராகப் போயிற்று. அவள் உட்கார்ந்து எழுந்த இடத்தில் எறும்பு மொய்த்தது. மூன்று ஆள் சோறு தின்றும் உடம்பு நாளுக்கு நாள் வற்றியது. மாரக்காள் பாடம் போட்டுப் பார்த்தாள். கடைசியில் அவளே தம்பியைக் கூப்பிட்டு, இது தன் கைக்கு அடங்கவில்லை, சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டாள்.

சேலத்து டாக்டர் பரிசோதித்துவிட்டு, இது நீரிழிவு என்றார். பெரியவர்களுக்கு வருகிற மாதிரி இல்லை, குழந்தைக்கு வருவது வேறு ரகம், பத்தியத்தில் அடங்காது என்றார். இன்சுலின் என்று ஒரு மருந்து உண்டு, அதைக் காலையும் மாலையும் ஊசியால் ஏற்ற வேண்டும். ஏற்றினால் பெண் ஓடியாடுவாள். ஒரு நாள் விட்டாலும் ஆபத்து, இரண்டு நாள் விட்டால் தன்னிடம் தூக்கி வரக்கூட வேண்டாம் என்றார்.

ஊசி போடுவது யார்? செங்கோட்டையன் ஊசியைக் கையில் வாங்கியதுமே முகம் வெளுத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். குழந்தை உடம்பில் இரும்பு ஏற்றுகிற வேலை தனக்கு ஆகாது என்று மாரக்காள் ஒதுங்கிவிட்டாள். ஆக, வீட்டிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி யாரோ அவள் தலையில்தான் அது வந்து விழுந்தது. கந்தம்மாள் கண்ணாடிக் குழலையும் ஊசியையும் சின்னச் சட்டியில் போட்டுக் கொதிக்க வைப்பாள். மருந்துப் புட்டி வெயிலில் கெட்டுவிடாமல் இருக்க ஈர மணல் நிரப்பிய பானையில் புதைத்து வைத்திருப்பாள். போடும்போதெல்லாம் கை நடுங்கும். “வலிக்கலீங்கம்மா” என்று அந்தக் குழந்தைதான் அவளுக்குத் தைரியம் சொல்லும்.

மருந்து சேலம் கடைவீதியில் அன்வர் பாட்சா கடையில் கிடைத்தது. பாட்சா நிதானமான மனிதர், எதையும் விளங்கச் சொல்கிறவர். யார் கண்டுபிடித்த மருந்து இது என்று கந்தம்மாள் ஒருநாள் கேட்டதற்கு, கடல் தாண்டிக் கனடா என்றொரு தேசம், அங்கே ஒரு சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்தவர்கள் என்றார். அவர்கள் தங்கள் கண்டுபிடிப்பைச் சர்க்காரில் பதிவு செய்து பேடண்ட் வாங்கினார்கள். நாம் நிலத்துக்குப் பத்திரம் பதிகிற மாதிரிதான் அதுவும். பதியாமல் விட்டால் எவனாவது பணக்காரன் அதைத் தன் பேருக்கு வளைத்துப் போட்டுக்கொண்டு வாய்க்கு வந்த விலை கேட்பான். அதனால் பதிந்தார்கள். பதிந்து, ஆளுக்கு ஒரே ஒரு டாலர், அதாவது ஒப்புக்கு ஒரு வெள்ளிக்காசு வாங்கிக்கொண்டு, அந்தப் பேடண்டைச் சர்வகலாசாலைக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அப்படியானால் நம்மிடம் வாங்குகிற காசு எதற்கு என்று செங்கோட்டையன் கேட்டான். செய்கிற கூலி, கப்பல், ஐஸ் பெட்டி, என் வயிறு என்று பாட்சா சிரித்தார். மருந்தை எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று கந்தம்மாள் கேட்கவில்லை. மாட்டின் கணையத்திலிருந்து என்று சொல்ல வேண்டி வராததே நல்லது என்று அவரும் விட்டுவிட்டார்.

ஊசி ஏறிய பிறகு சென்னிக்கு உடம்பில் சதை பிடித்தது. தட்டாம்பூச்சி பிடிக்க ஓடினாள். கந்தம்மாளின் பயம் மட்டும் குறையவில்லை. பஸ் வராவிட்டால் என்ன செய்வது, புட்டி கை தவறி உடைந்தால் என்ன செய்வது என்று நினைத்து நினைத்தே அவள் இளைத்தாள்.

அவள் நினைத்துப் பார்க்காத ஒன்று தை மாதத்தில் வந்தது. ஒரு விடியற்காலையில் சென்னியின் நெற்றியிலும் மார்பிலும் முத்து முத்தாகக் கொப்புளம் போட்டிருந்தது. ஊரில் நாலைந்து வீட்டில் அம்மை இருந்தது. மாரக்காள் பார்த்த மாத்திரத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டு, வாசலில் வேப்பிலை செருகினாள். ஆத்தா இறங்கியிருக்கிற வீட்டில் தாளிக்கக் கூடாது, எண்ணெய் காயக் கூடாது, வெளியாள் நுழையக் கூடாது. மருந்து கூடவே கூடாது. உடம்பில் இரும்பு பட்டால் ஆத்தா உக்கிரம் கொண்டுவிடுவாள், பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். இது கந்தம்மாளுக்கும் தெரியும். தெரிந்தவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஊசிச் சட்டியை மாரக்காள் எடுத்துப்போய்த் தானியப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். ஊசி போட்டால் ஆத்தா எடுத்துக்கொள்வாள், போடாவிட்டால் நோய் எடுத்துக்கொள்ளும். எந்தப் பக்கம் திரும்பினாலும் பிள்ளை போய்விடும் என்றால் ஒரு தாய் எங்கே போய் முட்டிக்கொள்வாள்? அன்று காலை ஊசி ஏறவில்லை. மாலையும் ஏறவில்லை.

மறுநாள் காலையில் சென்னி வாந்தி எடுத்தாள். மூச்சு ஆழம் ஆழமாக வாங்கியது. வாயருகே குனிந்தால் பழுத்த பழ வாடை அடித்தது. டாக்டர் முன்பே சொல்லிவைத்திருந்த அடையாளம் அது. கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்து, பிறகு மூடிக்கொண்டாள். கந்தம்மாளுக்கு அழக்கூடப் பயமாக இருந்தது, ஆத்தா இருக்கிற வீட்டில் அழக் கூடாது. ஓடிப்போய் நாத்தனார் மாரக்காளின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“நங்கை, அது யாவார மருந்து இல்லீங்க. கண்டுபிடிச்சவங்க காசு வாங்கலீங்க. ஆளுக்கு ஒத்த வெள்ளிக்காசுதான் வாங்குனாங்களாம், நீங்க காலணா போடச் சொல்ற மாதிரி. மத்ததெல்லாம் ஊருக்குன்னு உட்டுட்டாங்களாமுங்க.”

மாரக்காள் அவளையே பார்த்தாள். ஆத்தாளின் தீர்த்தத்தைத் தவிர எதையும் நம்பாத முகம் அது.

“காசு வாங்கலியா? நெசமாலுமா?”

“பாட்சா சொன்னாருங்க. பத்திரம் எழுதிக் குடுத்துட்டாங்களாம், வேற எவனும் வேலி போட்டுக்கக் கூடாதுன்னு.”

மாரக்காள் கட்டிலில் கிடந்த குழந்தையின் மூச்சைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு, இதில் தான் சொல்ல ஒன்றுமில்லை, கந்தம்மாள் சொல்லவும் ஒன்றுமில்லை, ஆத்தாளிடமே பூக் கேட்டுவிடலாம் என்றாள்.

பூக் கேட்பது அங்கே வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி. இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்து நாரால் கட்டி ஆத்தா முன்னால் வைப்பார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. வந்ததை மீறி நடக்கிற துணிச்சல் யாருக்கும் இருந்ததில்லை. தினமும் தீர்த்தம் கொண்டுவருகிற பூசாரி அங்கமுத்து, மூன்று வயதுப் பேத்தியையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். மாரக்காள் உள்ளே போய்ப் பொட்டலம் மடித்துக் கொண்டுவந்து ஆத்தாளாக நினைத்து வைத்திருந்த மஞ்சள் சொம்புக்கு முன்னால் வைத்தாள்.

கந்தம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிவப்பு வந்தால் அதோடு எல்லாம் முடிந்தது, அப்புறம் யார் காலையும் பிடிக்க முடியாது. பூசாரியின் பேத்தி ஒன்றைத் தொட்டது, விட்டது, இன்னொன்றைத் தொட்டது, விரலைச் சப்பிக்கொண்டு யோசித்தது. அந்தப் பொழுதில் கந்தம்மாள் செத்துச் செத்துப் பிழைத்தாள். கடைசியில் குழந்தை முதலில் தொட்டதையே எடுத்துத் தாத்தாவிடம் நீட்டியது. பூசாரி நாரை அவிழ்த்தார். வெள்ளை.

மற்றப் பொட்டலத்தைக் கிணற்றில் போட வேண்டும் என்று மாரக்காள் எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, தானியப் பெட்டியைத் திறந்துவிட்டாள். கந்தம்மாள் அதற்குள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள். ஊசி ஏறியது. செங்கோட்டையன் சேலத்துக்கு ஓடி, டாக்டரைக் கேட்டு, மருந்தை எவ்வளவு கூட்ட வேண்டும் என்று தெரிந்துகொண்டு வந்தான். அன்று சாயங்காலத்துக்குள் சென்னி மூச்சு சீராகி, தண்ணீர் கேட்டாள். கொப்புளங்களும் நீர்வற்றி உதிர்ந்தன. அது சின்ன அம்மைதான். மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றி, ஆத்தாளை மனம் குளிர அனுப்பிவைத்தார்கள். வாழ்நாளில் முதல்முறையாகக் கந்தம்மாள் பயமில்லாமல் தூங்கினாள். ஆத்தாளே சரி என்று சொல்லிவிட்டாள், இனி யாருக்குப் பயப்பட வேண்டும்?

அந்தத் தூக்கம் நீடிக்கவில்லை. அம்மை கண்ட வீட்டுத் துணிகளையெல்லாம் வெளுக்க எடுத்தபோது மாரக்காளின் சேலை முடிச்சில் அந்தப் பொட்டலம் கிடைத்தது. அவசரத்தில் கிணற்றில் போட மறந்திருக்கிறாள். கந்தம்மாள் அதை அவிழ்த்தாள். உள்ளே இருந்த பூ காய்ந்து சுருண்டிருந்தது. காய்ந்தாலும் நிறம் தெரியாமல் போகுமா? அதுவும் வெள்ளை.

கையில் பாம்பு ஏறின மாதிரி அதை உதறினாள். ஆத்தா சம்மதம் சொல்லவே இல்லை. ஆத்தாளைக் கேட்கவே இல்லை. அவள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தபோதே, அவள் முகத்துக்கு நேராகவே ஏமாற்று நடந்திருக்கிறது. ஏமாற்றியதும் யார்? மாரக்காள், சாமி விஷயத்தில் ஊருக்கே நியாயம் சொல்கிறவள்.

பொட்டலத்தை நீட்டியதும் மாரக்காள் அதை வாங்கி அடுப்பில் போட்டாள். சுற்றி வளைத்துப் பேசவில்லை.

“செவப்பு வந்திருந்தா என்ன பண்ணியிருப்ப? நானுந்தான் என்ன பண்ணியிருப்பேன்? காசு வாங்காம எவனோ குடுத்தத ஆத்தா வேண்டாம்பாளான்னு எனக்குத் தெரியல. கேக்கறதுக்குப் பயமா இருந்துச்சு புள்ள.”

மாரக்காள் வாயிலிருந்து பயம் என்ற சொல்லைக் கந்தம்மாள் அன்றுதான் கேட்டாள். கேட்டதும் அவளுடைய பயம் இரட்டிப்பாகிவிட்டது.

பங்குனியில் மாரியம்மன் நோம்பி சாட்டித் திருவிழாவுக்கு நாள் குறித்தார்கள். மாரக்காள் பூவோடு எடுப்பதாகச் சொன்னாள். பூவோடு என்றால் கனல் நிரப்பிய மண் சட்டி. கையில் வேப்பிலையைப் பரப்பி, அதன்மேல் சட்டியை ஏந்திக் கோயிலைச் சுற்றி வர வேண்டும். மனசு சுத்தமாக இருந்தால் சுடாது, சாமியிடம் பொய்யிருந்தால் சுட்டுவிடும் என்பது பேச்சு. முந்தைய வருஷம் ஒருத்தி பாதி வழியில் சட்டியைக் கீழே போட்டுவிட்டு, இன்று வரை ஊரில் தலைநிமிராமல் திரிகிறாள்.

வேண்டாம் என்று கந்தம்மாள் கெஞ்சினாள். உண்டியலில் போட்டுவிடலாம், கெடா வெட்டலாம், இல்லையென்றால் தானே எடுக்கிறேன் என்றாள். பொய் சொன்னவள் நான், நெருப்பு உனக்கு எதற்கு என்று மாரக்காள் ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

நோம்பியன்று ஊர்வலத்தில் கந்தம்மாள் அவளை ஒட்டியே நடந்தாள். சட்டியில் கனல் வெளியே தெரிய எரிந்தது. பூசாரி மாரக்காளின் கையில் வேப்பிலையை வைத்தபோது, அவள் அதை மெதுவாகத் தள்ளிக் கீழே விட்டதைக் கந்தம்மாள் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள். என்ன பக்தி பார் என்று பெண்கள் குலவை இட்டார்கள். கந்தம்மாளுக்கு மட்டும் உடம்பெல்லாம் வேர்த்தது. சட்டி விழுந்தால் ஊர் கேட்கும். ஊர் கேட்டால் பூப்பொட்டலம் வெளியே வரும். வெளியே வந்தால், ஆத்தா கொடுக்காத உயிர் இது என்று சென்னியை எல்லோரும் பார்ப்பார்கள். அவளுடைய கண் மாரக்காளின் விரலை விட்டு நகரவில்லை. விரல் ஒரு இடத்தில் துடித்தது, மறுபடி இறுகியது. கோயிலைச் சுற்றிவந்து, சட்டியைக் கோயில் முன் நட்டிருந்த கம்பத்தடியில் இறக்கி வைத்தபோது, மாரக்காள் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். கந்தம்மாள் அருகே போய் முந்தானையை விலக்கினாள். இரண்டு உள்ளங்கையும் வெந்து, தோல் கொப்புளித்திருந்தது. குழந்தையின் நெற்றியில் அன்று பார்த்த கொப்புளத்தைவிடப் பெரியது.

“சுட்டுருச்சுங்களா நங்கை?”

“சுடாம என்ன? சுடோணும்னுதான வேப்பிலையத் தள்ளுனேன்.” மாரக்காள் கையைத் திரும்ப மூடிக்கொண்டாள். “எங்கிட்ட வாங்க வேண்டியத ஆத்தா வாங்கிக்கிட்டா. இனி புள்ளகிட்ட வரமாட்டா. பொழுது எறங்குது பாரு, எஞ்சாமி சென்னிக்கு ஊசி போட்டயா?”

போடவில்லை. கந்தம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அடுப்பில் சட்டியை வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். கை எப்போதும் போல நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.