பேசாத பன்னிரண்டு பேரின் தீர்ப்பு

1983 பிப்ரவரி 3: ஹாடக் மீன் இரண்டு. மதிப்பு 1 பவுண்டு 80 பென்ஸ்.
1983 அக்டோபர் 11: தீர்ப்பு. அபராதம் 60 பவுண்டு.
1983 முதல் 1987 வரை: கடிதங்கள் 14. பதில்கள் 5.

கடிதங்கள் மாட் டிரான்மர் எழுதியவை. ஹம்பர் ஆற்றங்கரையில் உள்ள எங்கள் துறைமுக ஊரில் சலவைக்கூட மேற்பார்வையாளராக இருந்த பெண்மணி. பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரியில் என் பக்கத்து நாற்காலி அவருடையது. எங்கள் சார்பில் தீர்ப்பைச் சொல்ல அவரைத்தான் தேர்ந்தெடுத்தோம்.

குற்றம் சாட்டப்பட்டவர் ஆர்தர் பிளான்சார்ட், கப்பலிலிருந்து மீன் இறக்குபவர். இறக்கி முடித்ததும் வீட்டில் ஒரு வேளை பொரிக்க மீன் எடுத்துப்போவது இங்கே வழக்கம். யாரும் கேட்பதில்லை, ஒளிப்பதுமில்லை. ஆர்தரும் கையிலேயே பிடித்துக்கொண்டு போனார். புதிதாக வந்த வாயிற்காவலர் திருட்டு என்றார்.

ஆர்தர் மனத்தில் திருட்டு எண்ணம் இருந்ததா? நாங்கள் முடிவு செய்ய வேண்டியிருந்தது அது ஒன்றுதான். நீதிபதியோ வழக்கம் சட்டமாகாது, அறைக்குப் போய் ஆலோசிக்க வேண்டாம், இருந்த இடத்திலேயே குற்றவாளி என்று சொல்லுங்கள் என்றார்.

மாட் எழுந்தார். "ஐயா, நாங்க இன்னும் பேசவே இல்லையே."

"பேச ஒண்ணும் இல்லம்மா. நான் சொன்னதைச் சொல்லுங்க."

அப்படியே சொன்னார்: குற்றவாளி. இது உங்கள் எல்லோருடைய தீர்ப்புமா என்று எழுத்தர் கேட்டார். மாட் "ஆமா" என்றார். மணி 11.40. மற்ற பதினொரு பேரும் வாய் திறக்கவில்லை, நான் உட்பட.

அதன்பிறகு ஆர்தரைத் துறைமுகத்துக்குள் வேலைக்கு விடவில்லை. அடுத்த வாரம் மீன்கடை வரிசையில் அவர் மாட் டிரான்மரிடம் சொன்னது எனக்கும் கேட்டது: "என்னக்கா, இத்தனை வருஷம் உங்க வீட்டுச் சட்டியில பொரிஞ்ச மீனெல்லாம் ரசீதோட வந்ததா?"

அன்று மாலையே மாட் நீதிமன்றத்துக்கு முதல் கடிதத்தை எழுதினார். அந்த 'ஆமா' பொய், அந்த மனிதர் மேலுள்ள பழியை நீக்குங்கள் என்று கேட்டார். ஜூரி அறையில் பேசியது ரகசியம், விசாரிக்க இயலாது என்று பதில் வந்தது. நாங்கள் அந்த அறைக்குள் போகவே இல்லை என்று மறுபடி எழுதினார். அதே பதில் மறுபடி வந்தது. நான்கு முறை, ஒரு சொல் மாறாமல்.

ஐந்தாவது பதிலில்தான், தண்டிக்கப்பட்டவர் மட்டுமே மேல்முறையீடு செய்யலாம் என்றிருந்தது. மாட் அதை ஆர்தர் வீட்டுக்குக் கொண்டுபோனார். என்னையும் அழைத்துப்போனார்.

ஆர்தர் இரண்டு முறை படித்தார். "நாலு வருஷமா இந்த ஒரு வரியை எழுத எவனுக்கும் கை வரலையா?"

"வரல. நீ கையெழுத்துப் போடு."

போட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தாமதத்துக்குக் காரணம் கேட்டார்கள், எழுதினோம். பதினொரு மாதம் ஓடியது. தீர்ப்பு ரத்து, குற்றவாளி என்று சொல்லும்படி ஜூரிக்கு எந்த நீதிபதியும் உத்தரவிட முடியாது என்று கடைசிக் கடிதம் சொன்னது. மொத்தம் நான்கு வரி. அது ஆர்தர் வீட்டுக்கு வந்தது 1988 நவம்பர் 22, செவ்வாய்க்கிழமை.