செல்லத்துரை தண்ணியும் என் கடை ஆணியும்

நான் அப்பவே சொன்னேன். லேத் பட்டறை செல்லத்துரை எனக்கு முன்னால் போவான், போகும்போதும் பேர் வாங்கிக்கொண்டுதான் போவான் என்று. இன்று காலையில் போய்விட்டான்...

சங்கரன்கோவிலில் அவன் பட்டறைக்கும் என் ஆணிக் கடைக்கும் ஒரே சுவர். இன்றைய கூட்டத்தைப் பார்த்தேன். என் மகள் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பேர் வரவில்லை. மேலநீலிதநல்லூரிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கிறார்கள்!

எல்லாம் அவன் செய்துவைத்த தண்ணீர் பில்டருக்காக. எங்கள் தெரு போர் தண்ணீரில் ஆர்சனிக் இருக்கிறது என்று லேப்பில் சொன்னார்கள். நிறம் கிடையாது, வாடை கிடையாது, ஆனால் விஷம். (ஒரு மடக்கு குடித்ததுமே நான் கண்டுபிடித்துவிட்டேன், அது வேறு விஷயம்.)

ஒரு டிரம். மேலே துருப்பிடித்த ஆணி, கீழே மணல். விஷம் துருவில் ஒட்டிக்கொள்ளும், துருவை மணல் பிடித்துக்கொள்ளும். ஐடியா என்னுடையது. ஆணியும் என் கடை ஆணி. ஊர் வைத்த பெயர் மட்டும் "செல்லத்துரை தண்ணி". எரியுமா எரியாதா?

ஒரு ஆயுத பூஜைக்கு என் பங்குக்கும் ஏதாவது செய்வோமே என்று ஆணிகளை அள்ளி, புளி போட்டுத் தேய்த்து, எண்ணெய் தடவி, டிரம்முக்குச் சந்தனப் பொட்டும் வைத்தேன். வெள்ளி மாதிரி மின்னியது...

அதைப் பார்த்த செல்லத்துரை தலையில் கை வைத்துவிட்டான். "ஏலே கூறுகெட்டவனே, துருதாம்ல வேலை பாக்குது! வேலைக்காரனக் குளிப்பாட்டி வீட்டுக்கு அனுப்பிட்டியே!"

குடத்தோடு நின்ற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். அவன் சொன்னால் மட்டும் எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிடும்.

ஆணி திரும்பத் துருப்பிடித்து, லேப்பில் ஓகே சொல்லும்வரை தெருவுக்கு லாரித் தண்ணீர்தான். வெளியூர்க்காரர் யாராவது விசாரித்தால், "பில்டர் லீவுல இருக்கு அண்ணாச்சி" என்பான். என் பெயரைக் கடைசிவரை சொல்லவில்லை. அந்த நல்ல பெயரும் அவனுக்கே...

போன வாரம் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். "ஐடியா ஒன்னோடதுதாம்ல. ஊருக்குச் சொல்லிரு." நர்ஸ் பக்கத்திலேயே நின்றாள், சாட்சி.

சொல்லியாச்சு செல்லத்துரை. நிம்மதியாகப் போ.

எடிட்: அவன் மகள் கமெண்டில் கேட்டிருக்கிறாள். "மாமா, போன வாரம் பூரா அப்பா எங்க யார்ட்டயும் ஒரு வார்த்தை பேசலியே... ஒங்கட்ட பேசுனாவளா?"

இல்லம்மா. பேசவில்லை. அந்தப் பேச்சு நான் சேர்த்தது.

கையைக்கூட நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.