காஜா பாய் போனில் ஒரு வெள்ளைக் கெடா

'இன்ஸ்டால்' என்ற நீலப் பொத்தானை அமுக்கினேன். அமுக்கிய பிறகுதான் தெரிந்தது, அது என் போன் இல்லை.

சிரிக்காதீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது பழைய போன். மூலையில் ஒரு கீறல். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே பேட்டரி களைத்துவிடும். பல மாதங்களாக அது என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவருகிறது: 'சிஸ்டம் அப்டேட் தயார். இப்போதா, பிறகா?' நானும் ஒரே பதிலைச் சொல்லிவருகிறேன் — பிறகு. மறுநாள் காலை மறுபடி கேட்கும். கோபமே வராது. இத்தனை பொறுமையாக என்னிடம் வேறு யாராவது எதையாவது கேட்டதுண்டா? என் மனைவிகூட மூன்றாவது தடவை குரலை உயர்த்திவிடுவாள்.

பயம்தான் காரணம். பழைய போனில் புது சிஸ்டத்தை ஏற்றலாமா? ஏற்றினால் பாதுகாப்பு என்கிறார்கள். ஏற்றினால் போன் நொண்டும் என்றும் சொல்கிறார்கள். இரண்டு கட்சியும் சத்தியம் செய்கின்றன. நடுநிலையாளன் என்ன செய்வான்? 'பிறகு' என்பான்.

இந்த நடுநிலைக்கு வேட்டு வைத்தவர் காஜா பாய்.

மேலப்பாளையத்துக்காரர். பாளையங்கோட்டையில் எங்கள் தெரு முனை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறார். அவரிடமும் இதே போன்தான். தள்ளுபடி என்று கேள்விப்பட்டு, அவர் ஆட்டோவிலேயே போய், ஒரே கடையில் ஒரே நாளில் இருவரும் வாங்கினோம். அதே மாடல், அதே கறுப்பு, கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த அதே உறை. என் போனின் கீறலை விட்டால், ஒரே வித்தியாசம் முகப்புப் படம். என்னுடையதில் கடையிலிருந்து வந்தபடியே நீல வானம். அவருடையதில் ஒரு வெள்ளைக் கெடா.

கெடா எப்படி வந்தது? ஒவ்வொரு பக்ரீதுக்கும் சந்தையில் கெடா பிடித்ததும் பாய் அதை நாலு பக்கமும் நின்று படம் எடுப்பார். குவைத்தில் இருக்கும் மகள் பாத்திமாவுக்கு அனுப்புவார். அவள் பார்த்து, 'நல்லாருக்கு வாப்பா' என்று சொன்னால்தான் கெடா வீட்டுக்கு வரும். வருடக்கணக்கில் நடக்கும் ஏற்பாடு. ஆகவே பாய் போனில் மனிதர்களைவிடக் கெடாக்கள் அதிகம்.

இப்போது பாத்திமா நிறைமாதம். அடுத்த மாதம் முதல் வாரம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அங்கேதான் சிக்கல். அப்பாவும் மகளும் பேசும் வீடியோ கால் ஆப், பாயின் போனுக்கு ஓர் எச்சரிக்கை அனுப்பியிருந்தது: 'இந்த மாதக் கடைசிக்குப் பிறகு இந்தப் பழைய சிஸ்டத்தில் இயங்க மாட்டேன்.'

அதாவது, பிள்ளை பிறக்கும் முன் ஆப் செத்துவிடும்.

"சாதா போன்ல பேசிக்கிடலாமே பாய்" என்றேன்.

"பேசலாம் அண்ணாச்சி. பாக்க முடியாதுல்லா? பொறந்த பிள்ளை காதுல பாங்கு மருமவன் சொல்லிருவாரு. பேரு மட்டும் வாப்பாதான் மொதல்ல கூப்பிடணும்னு மவ அடம் பிடிக்கா. மூஞ்சியப் பாக்காம நான் எப்படிப் பேரு வைக்க? பாத்திமாவுக்கே பாத்துட்டுத்தான வச்சேன்!"

"புதுப் போன்?"

"மருமவன் ஊருக்கு வரும்போது கொண்டாராரு. அதுவரைக்கும் இது உசுரோட கெடக்கணும்."

ஸ்டாண்டில் இதற்காகவே இரண்டு அணிகள் உருவாயின. அப்டேட் வேண்டாம் அணிக்குத் தலைவர் சுடலைமுத்து. பாய்க்கு அடுத்த ஆட்டோ அவருடையது.

"கேளும் வே, என் சகலபாடி இப்படித்தான் அமுக்குனான். அணைஞ்சது அணைஞ்சதுதான். இப்பம் அந்தப் போனை ஜன்னலுக்கு முட்டுக் குடுத்து வச்சிருக்கான். காத்துக்கு நல்லாத்தான் நிக்கி."

காஜா பாய் ரெண்டு நாள் யோசித்தார். பிறகு என் வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தி, மிகுந்த மரியாதையோடு ஒரு யோசனை சொன்னார்.

"ரெண்டும் ஒரே போனுதான அண்ணாச்சி? மொதல்ல உங்க போன்ல போட்டுப் பாப்போம். அது பொழச்சா என் போன்லயும் போடுவோம்."

"பொழைக்கலன்னா?"

"உங்களுக்கென்ன, பேரப்பிள்ளையா பொறக்கப்போவுது?"

பத்திரிகைக்காரனாகக் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவன் நான். இந்தக் கேள்விக்குத் தலையை ஆட்டிவிட்டேன்.

சென்ற வாரம் ஒரு காலை, என் வீட்டு வைஃபையில் வேலை தொடங்கியது. திட்டம் தெளிவானது. அப்டேட்டை இரண்டு போனிலும் டவுன்லோட் செய்து வைப்பது. இன்ஸ்டால் மட்டும் முதலில் என் போனில். என்னுடையதில் இடம் இருந்தது — நான் படம் எடுக்காத ஆசாமி. பாயின் போன் இடமில்லை என்று கைவிரித்தது.

"கெடாக்களை அழிச்சிருங்க பாய்."

அவர் ஒரு படத்தைத் திறந்தார். விரல் மேலே போனது. அப்படியே நின்றது.

"என்னையே பாக்குது அண்ணாச்சி. இதப் போய் எப்படி அழிக்க?"

வேடிக்கை பார்க்க வந்திருந்த சுடலைமுத்துவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பிரியாணியில பாக்கும்போது இந்த எரக்கம் வரலையே, வே!"

"அது வேற கணக்கு. நீ சும்மா இரி."

கடைசியில் ஒரு சமரசம். கெடாக்கள் அத்தனையும் என் போனுக்கு அனுப்பப்பட்டன, பத்திரமாக இருக்கட்டும் என்று. டிங், டிங், டிங்... ஒரு சந்தையே என் சட்டைப் பைக்குள் குடியேறியது. பிறகு பாய் கண்ணை மூடிக்கொண்டு தன் போனில் அழித்தார். முகப்பில் இருந்த வெள்ளைக் கெடாவையும் எடுத்துவிட்டார்.

"மத்ததெல்லாம் போனபொறவு இது மட்டும் தனியா நின்னு என்ன செய்யப்போவுது?"

அதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது, கடையிலிருந்து வந்த நீல வானம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. சின்ன விஷயத்தையும் கவனிப்பவன் என்று எனக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. நான் அப்போது டீயில் சர்க்கரை குறைவு என்பதைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

டிவிக்குப் பக்கத்து பிளக்கில் இரண்டு போன்களும் அருகருகே சார்ஜில் கிடந்தன. இரண்டிலும் டவுன்லோட் முடிந்தது. இரண்டிலும் ஒரே நீலப் பொத்தான். நான் எழுந்தேன். தொண்டையைச் செருமினேன். அமுக்கினேன்.

திரை இருண்டது. ஒரு சின்னப் பல்சக்கரம் தோன்றிச் சுற்ற ஆரம்பித்தது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பதைப் போல மூன்று பேரும் அதைச் சுற்றி நின்றோம்.

அப்போது மற்ற போன் அடித்தது. பாய் இயல்பாக எடுத்தார்.

"ஆங்... கட்டுரையா? இங்கன கட்டுரை ஒண்ணும் இல்லம்மா. இது ஆட்டோ." வைத்துவிட்டார். மறுபடி அடித்தது. மறுபடி எடுத்தார். "யம்மா, நான்தான் சொல்லுதேன்லா, இந்த வாரமும் இல்ல, அடுத்த வாரமும் இல்ல."

என் பத்திரிகையின் உதவி ஆசிரியை. நான் வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியைத்தான் கேட்டிருக்கிறார்.

பாய் கையிலிருந்த போனைப் பார்த்தேன். மூலையில் கீறல்.

"பாய்... அது என் போன்."

மூவரும் மெதுவாகத் திரும்பிப் பல்சக்கரத்தைப் பார்த்தோம்.

"ஊரு ஒலகத்துத் தப்பையெல்லாம் கண்டுபிடிச்சு எழுதுத ஆளு!" என்றார் சுடலைமுத்து.

"ரெண்டு பேர்ல ஒருத்தராவது கண்ணாடி போட்டுருக்கலாம்" என்றாள் என் மனைவி, அடுக்களையிலிருந்து.

காஜா பாய் ஒன்றும் திட்டவில்லை. அதுதான் பெரிய தண்டனை. நாற்காலியில் உட்கார்ந்து, என்னைத் தேற்றவும் செய்தார்.

"விடுங்க அண்ணாச்சி. பிள்ளை பொறக்க இன்னும் ரெண்டு வாரம் கெடக்கு. அதுக்குள்ள சரியாயிராதா?"

என் போன் மூன்றாவது முறை அடித்தது. இந்தத் தடவை நானே எடுத்தேன். பாயின் மனைவி ரஹ்மத். வண்டி ஓட்டும்போது பாய் போனை எடுக்க மாட்டார். பின்சீட்டில் நான் இருப்பேனோ என்று எனக்கு அடிப்பது ரஹ்மத்தின் வழக்கம்.

"அண்ணாச்சி, அவுக அங்கன இருக்காவளா? போனு அணைஞ்சு கெடக்கே! பாத்திமாவுக்கு ராத்திரியே வலி கண்டுட்டாம். பொம்பளப் பிள்ளை! ரெண்டும் நல்லாருக்காம். மருமவன் வீடியோல அடிச்சு அடிச்சுப் பாக்காராம், அவுக எடுக்கவே இல்லியாம்..."

போனைப் பாயிடம் கொடுத்தேன். அவர் முகத்தில் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் கிளம்பி வழியில் முட்டிக்கொண்டன.

"என் போனு நல்லாத்தான் இருக்கு ரஹ்மத்து... உள்ள வேல நடக்கு."

நான் பிடுங்காத குறையாக வாங்கி, என் நம்பரை மருமகனுக்குக் கொடுக்கச் சொன்னேன். என் போனில் அதே ஆப் இருக்கிறது. மாதக் கடைசி இன்னும் வரவில்லை. சிஸ்டம் பழையதாக இருந்தால் என்ன, இன்றைக்கு இயங்குமே!

பிறகு காத்திருப்பு. மேஜையில் ஒரு பக்கம் சக்கரம் சுற்றியது. மறுபக்கம் என் போன் நீல வானத்தைக் காட்டிக்கொண்டு சும்மா கிடந்தது. பாய் அறையின் குறுக்கே நடந்தார். சுடலைமுத்து அவர் பின்னாலேயே நடந்தார். எதற்கு? அவருக்கே தெரியாது.

அடித்தது!

பாய் முகம் தெரியும்படி நான் போனைப் பிடித்துக்கொண்டேன். முதலில் ஒரு கூரை விளக்கு. பிறகு மருமகனின் தாடை. பிறகு வெள்ளைத் துணி. அப்புறம் எல்லாம் சதுரம் சதுரமாக உறைந்து நின்றது.

"பைய மாப்ள, பைய காட்டுங்க" என்று பாய் கெஞ்சினார்.

சதுரங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. உள்ளே ஒரு முகம். சிவந்து, புருவத்தைச் சுருக்கி, யார் என்னை எழுப்பியது என்று கேட்கும் முகம். கன்னத்தில் சின்ன முஷ்டி.

பாய் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மருமகன் போனைக் குழந்தையின் காதுப் பக்கம் கொண்டுபோனார்.

"நசீமா" என்றார் பாய். பிறகு இன்னும் மெதுவாக, "நசீமா... நசீமா..."

குழந்தை ஒரு நீண்ட கொட்டாவி விட்டது.

"பேரு பிடிச்சிட்டு வே!" சுடலைமுத்து என் முதுகில் ஓங்கி அறைந்தார். படம் குலுங்கியது. தூரத்தில் பாத்திமாவின் களைத்த குரல் கேட்டது: "வாப்பா, போனை மாத்திட்டீங்களா? நல்லாத் தெளிவா தெரியுதீங்களே?"

"அப்டேட் போட்டாச்சும்மா" என்றார் பாய், அப்டேட் போடாத போனைப் பார்த்து.

எல்லோரும் சத்தமாகப் பேசினோம். என் மனைவி அடுக்களையிலிருந்து சர்க்கரை டப்பாவையே தூக்கிக்கொண்டு வந்து, ஆளுக்கு ஒரு கரண்டி வாயில் போட்டாள். என் டீக்குக் குறைந்த சர்க்கரை வட்டியோடு வந்து சேர்ந்தது. பிறகு அவள்தான் மேஜையைக் காட்டினாள். காஜா பாயின் போன் எப்போதோ கண் விழித்திருந்தது. 'நல்வரவு' என்று திரையில் எழுதி வைத்துக்கொண்டு, யாராவது பார்ப்பார்களா என்று காத்துக்கிடந்தது.

இப்போது அது பிரமாதமாக ஓடுகிறது. ஆப் தொட்டதும் திறக்கிறது. ஸ்டாண்டில் சுடலைமுத்து கட்சி மாறிவிட்டார். "நான் அப்பமே சொன்னேம்லா, ஒண்ணும் ஆவாதுன்னு!" என்று சகலபாடிக்கே புத்தி சொல்கிறாராம்.

யோசித்துப் பார்த்தால், இப்படித்தானே நடக்கிறது? மாதக்கணக்கில் யோசிக்கிறோம், ஊரைக் கூட்டி விவாதிக்கிறோம்... கடைசியில் முடிவை எடுப்பது ஒரு விரல். அதுவும் அடுத்தவர் விரல்!

சரி, என் போன்? அங்கேதான் வினை. மருமகனிடம் என் நம்பர் நிலைத்துவிட்டது. தினமும் மாமனாருக்கு அனுப்புவதை எனக்கும் ஒரு பிரதி அனுப்புகிறார். நசீமா தும்மினாள், நசீமா தூங்கினாள், நசீமா தூக்கத்தில் சிரித்தாள். எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறேன், இரண்டு தடவை. விளைவு — டவுன்லோட் ஆகிக் காத்திருக்கும் அப்டேட், காலை நீட்டி உட்கார இடமில்லை என்கிறது. மாதக் கடைசியோ நெருங்குகிறது. அப்புறம் தும்மலைப் பார்ப்பது எப்படி?

"கெடாவையெல்லாம் திருப்பி வாங்கிக்கோங்க பாய்" என்று கெஞ்சினேன்.

"என் போன்ல புது சிஸ்டம்லா ஓடுது அண்ணாச்சி? கெடாவ ஏத்துனா மெல்லமாயிரும். நீங்களே அழிச்சிருங்க. எனக்கொண்ணும் இல்ல."

நேற்று சாயங்காலம் உட்கார்ந்துவிட்டேன், அழித்து முடித்துவிடுவது என்று. அந்த வெள்ளைக் கெடாவைத் திறந்தேன். விரலை மேலே கொண்டுபோனேன்.

என்னையே பார்க்கிறது. இதைப் போய் எப்படி அழிக்க?